எழுத்துரு வேலைக்காக நான் வாங்கிய புத்தகங்கள்: எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை

8 பாயிண்டில் ‘ண’ அடைத்துக்கொண்டது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

2016இல் ஒரு கும்பாபிஷேக மலருக்கு நன்கொடையாளர் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். 20 பக்கம், மூன்று பத்தி, 8 பாயிண்ட். திரையில் பளிச்சென்று இருந்தது, லேசர் பிரிண்டிலும் குறை தெரியவில்லை. மலிவான தாளில் ஆஃப்செட்டில் அடித்து வந்தபோது கண்ணன், அண்ணாமலை, கருணாகரன், கிருஷ்ணவேணி என்று எல்லார் பெயரிலும் ‘ண’ ஒரு கறுப்புத் திட்டாக இருந்தது. ‘ஞ’வும் அப்படியே. பணம் கொடுத்தவர்கள் தங்கள் பெயரை விரலால் தேடிப் படிக்கிற பட்டியல் அது. அந்த மலரை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான், யாரோ செய்து கொடுத்த எழுத்துருவை வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் மட்டும் போதாது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று புத்தகம் தேட ஆரம்பித்தேன்.

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். அப்பா அதே வீதியில் ஓர் அச்சாபீஸில் 31 வருஷம் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாஸிட்டராக இருந்தார். நான் 1999இல் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரி ஆண்டு மலர், வருஷத்துக்கு ஏழெட்டுப் புத்தகம். ஆங்கிலம் படிப்பேன், ஆனால் மெதுவாக, அகராதி பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தப் புத்தகங்கள் எதுவும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போதெல்லாம் ஸ்டால் ஸ்டாலாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் பழைய பிரதியாகச் சில, பெங்களூரில் இருக்கும் சித்தி மகன் மூலமாகச் சில என்று ஐந்தாறு வருஷத்தில் சேர்த்தேன். விலை ஒவ்வொன்றும் ஒரு மாத மின்கட்டணத்துக்குக் குறையாது. அதனால் வாங்குவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் ‘கவுண்டர்பஞ்ச்’ வாங்குங்கள். ஃபிரெட் ஸ்மைய்யர்ஸ் என்ற டச்சு எழுத்து வடிவமைப்பாளர் எழுதியது, முதல் பதிப்பு 1996. மெலிந்த புத்தகம், படங்கள் நிறைய. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஈய எழுத்துக்கு மூல அச்சு எப்படிச் செதுக்கினார்கள் என்பதைத் தானே எஃகை எடுத்து அரத்தால் ராவிப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு சின்ன எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைச் செதுக்க வேண்டும். எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தைத் தோண்டி எடுப்பது கஷ்டம். அதனால் அந்த வெற்றிடத்தின் வடிவத்தில் முதலில் இன்னொரு தண்டைச் செய்வார்கள். அதை இறுகவைத்து, எழுத்துத் தண்டின் முனையில் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். உள்ளே பள்ளம் விழும். அப்புறம் வெளிப்பக்கத்தை ராவினால் எழுத்து நிற்கும். மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் புகைக்கரி பிடிக்கவைத்து, தாளில் ஒற்றிச் சரிபார்ப்பார்கள். அந்த எஃகைச் செம்பில் அடித்தால் அச்சுக்குழி, அதில் ஈயம், தகரம், ஆன்டிமனி கலந்த கலவையை ஊற்றினால் எழுத்து.

இதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான்: அவர்கள் முதலில் செய்தது வெள்ளையை. கறுப்பு அதற்கு அப்புறம் வந்தது. நாம் கணினியில் வெளிக்கோட்டைத்தான் முதலில் போடுகிறோம், உள்ளே மிச்சம் விழுவது வெள்ளை என்று விட்டுவிடுகிறோம். ‘ண’ அடைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

அப்பாவிடம் இந்தப் புத்தகத்தைக் காட்டினேன். அப்போது அவருக்கு 74 வயது. ஆங்கிலம் படிக்க மாட்டார், படங்களை மட்டும் ஒவ்வொன்றாக, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் மலரையும் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இந்த ‘ண’வுக்கு வயிறே இல்லையே, எப்படி மூச்சு விடும்?” என்றார். எழுத்தின் உள்வெள்ளைக்கு அவர் வைத்திருந்த சொல் வயிறு. “எங்க கேஸ்ல ‘ண’ மத்த எழுத்தைவிட அகலமாத்தான் இருக்கும். அத நீங்க கம்ப்யூட்டர்ல ஒடுக்கிப்புட்டீங்க” என்றார். கேஸ் என்றால் ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் பெட்டி. அவர் எடுத்துவைத்திருந்த பழைய பஞ்சாங்கத்தில் அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதில் 8 பாயிண்ட் எழுத்து, மட்டமான தாள், ஆனாலும் ‘ண’வின் மூன்று வயிறும் திறந்திருக்கின்றன.

அதன் பிறகு, மாற்றியமைக்க உரிமம் தந்திருக்கும் திறந்த எழுத்துரு ஒன்றை எடுத்து, எழுத்துரு திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்தேன். எழுத்தை வரையும் 1000 அலகுச் சதுரத்தில் ‘ண’வின் உள்வெள்ளை 58 அலகுதான் அகலம். 8 பாயிண்டில் அது 0.16 மில்லிமீட்டர். மை பரவும் தாளில் அது நிற்காது. 84 அலகாக்கினேன், எழுத்து மொத்தமும் அகன்றது. சிறிய அளவுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளும் வடிவம் அது. கோடுகள் சேரும் முடுக்குகளில் மை தேங்காமல் இருக்கச் சிறு வெட்டும் கொடுத்தேன். இதைப் பற்றியும் கவுண்டர்பஞ்ச் பேசுகிறது: சின்ன அளவு எழுத்து என்பது பெரிய அளவைச் சுருக்கியது அல்ல, அது வேறு எழுத்து. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகச் செதுக்கிய காலத்தில் அது இயல்பாகவே நடந்தது.

குறை என்று பார்த்தால், தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அதில் வரும் ஐரோப்பியப் பெயர்களும் ஊர்களும் களைப்பூட்டும். கராமோன், கிரான்ஜோன், வான் டென் கீர் என்று வருகிறவர்கள் யார், எந்தக் காலம் என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் சிரமம் இருக்காது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஹெர்ரிட் நோர்ட்ஸையின் ‘தி ஸ்ட்ரோக்’. 1985இல் டச்சு மொழியில் வந்தது, ஆங்கிலத்தில் 2005. நோர்ட்ஸை ஹேக் நகரக் கலைக்கல்லூரியில் பல தலைமுறை எழுத்து வடிவமைப்பாளர்களுக்கு ஆசிரியராக இருந்தவர். கவுண்டர்பஞ்சைவிடவும் சின்ன புத்தகம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி யோசிக்க வைக்கும். எழுத்தில் தடிப்பும் மெலிவும் எங்கிருந்து வருகின்றன என்பதே அவர் கேள்வி. பட்டையான முனையுள்ள பேனாவை ஒரே சாய்வில் பிடித்து நகர்த்தினால் ஒருவிதத் தடிப்பு, எழுதும்போதே பேனாவைத் திருப்பினால் வேறு விதம், கூர்முனையை அழுத்தி விரியவைத்தால் இன்னொரு விதம். எல்லா எழுத்து வடிவத்தையும் இதை வைத்துப் பிரித்துக் காட்டுகிறார்.

முதல் வாசிப்பில் இது நமக்குப் பொருந்தாது என்று மூடி வைத்துவிட்டேன். தமிழ் எழுத்து ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணி கீறும். கீறலுக்குத் தடிப்பு மெலிவு கிடையாது, எங்கும் ஒரே கனம். கீறிய பிறகு கரியைத் தடவித் துடைத்தால்தான் எழுத்தே கண்ணுக்குத் தெரியும். ஓலையின் நரம்போடு நேர்கோடு இழுத்தால் கிழியும் என்பதால் எழுத்துகள் வளைந்தன என்பார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியும் வைப்பதில்லை. இப்படிப்பட்ட எழுத்துக்குப் பட்டைப் பேனாக் கணக்கு எப்படிச் சரிவரும்?

ஒரு தேர்தல் சமயம் சிம்மக்கல் பக்கம் போனபோது சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ஓவியரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர், பட்டைப் பிரஷ், நீலப் பெயிண்ட். ‘அ’ எழுதினார். மேலிருந்து கீழே வரும்போது பிரஷை ஒரு சாய்வில் பிடித்திருந்தார், சுழியில் திரும்பும்போது விரலுக்குள் பிரஷைச் சுழற்றினார். நோர்ட்ஸை பிரித்துச் சொன்ன இரண்டையும் ஒரே எழுத்தில் செய்தார். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து, “அண்ணே, இன்னொரு தடவை மெதுவா எழுதுங்க” என்று கேட்டேன். ‘ழ’வின் கீழ்ச்சுழியில் தடிப்பு எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று எனக்கு இருந்த சந்தேகம் அன்றைக்குத் தீர்ந்தது. கடைக்கு வந்து ‘தி ஸ்ட்ரோக்’கைத் திரும்ப முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தமிழுக்கு இரண்டு கை இருக்கிறது: ஓலைக் கை ஒன்று, பிரஷ் கை ஒன்று. எந்தக் கையில் எழுத்துரு செய்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இது புத்தகத்தில் இல்லை, ஆனால் புத்தகம் இல்லாமல் எனக்கு இது விளங்கியிருக்காது. புத்தகத்தை எடுக்கும்போது கையில் ஒரு பட்டைப் பேனா இருக்கட்டும். வெறுமனே படித்தால் ஒன்றும் ஏறாது.

அடுத்தது பெரிய புத்தகம். யானிஸ் ஹரலாம்பூஸ் எழுதிய ‘ஃபான்ட்ஸ் அண்ட் என்கோடிங்ஸ்’. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு 2007இல் வந்தது, 1000 பக்கத்துக்கு மேல். மடியில் வைத்துப் படிக்க முடியாது. ஆங்கில எழுத்துக்கான ஆஸ்கி முதல் எல்லா மொழிக்குமான யூனிகோடு வரை, கணினியில் எழுத்துக்கு எண் கொடுக்கும் குறியீடுகளின் கதை, விண்டோஸிலும் மேக்கிலும் எழுத்துரு எப்படி வேலை செய்கிறது, எழுத்துகளின் வரலாறு, கடைசியில் போஸ்ட்ஸ்கிரிப்ட், ட்ரூடைப், ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகைகளின் உள்ளமைப்பு, எழுத்தின் வளைவை வரையும் பெசியே வளைகோட்டின் கணிதம் என்று எல்லாம் இருக்கிறது.

இந்தப் புத்தகம் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல, கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 2000 வாக்கில் தமிழ் டிடிபி மென்பொருள் வாங்கினால் பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஒரு லாக் தருவார்கள். அது இருந்தால்தான் எழுத்துரு வேலை செய்யும். நானும் ஒன்று வாங்கினேன், சேமிப்பு முழுவதும் போட்டு. கம்ப்யூட்டர் மாற்றியபோது புதிய இயந்திரத்தில் அந்த போர்ட்டே இல்லை. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன், புதிதாக வாங்கச் சொன்னார்கள். பத்து வருஷத்தில் போட்டு வைத்த கோப்புகள் எல்லாம் திறந்தால் ரோமன் எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக நின்றன. ஒவ்வொரு நிறுவனமும் 256 இடத்துக்குள் தமிழைத் தன் இஷ்டப்படி அடுக்கியிருந்ததால் வந்த வினை. ஒருவர் எழுத்துருவில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு ‘யு’ இருக்கும்.

2014இல் ஒரு பேராசிரியர் தன் ஊர் வரலாற்று நூலை மறுபதிப்புக்குக் கொண்டுவந்தார், 320 பக்கம், பழைய எழுத்துருவில் போட்டது. யூனிகோடுக்கு மாற்றினேன். ‘கௌரவம்’ எல்லாம் ‘கெளரவம்’ ஆகி நின்றது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினால் வேறு இடத்தில் போய் உட்காரும். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே வடிவத்தையே போட்டிருந்தார்கள். மாற்றும் நிரலுக்கு எது எது என்று தெரியவில்லை. ‘கௌரி’, ‘பௌர்ணமி’, ‘மௌனம்’, ‘சௌராஷ்டிரர்’ என்று மதுரைப் புத்தகத்தில் ஔகாரம் எவ்வளவு வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன்.

ஹரலாம்பூஸ் புத்தகத்தின் முதல் பகுதியைப் படித்தபோதுதான் இதன் வேர் தெரிந்தது. எழுத்து வேறு, அதன் உருவம் வேறு. யூனிகோடு எழுத்துக்கு எண் கொடுக்கிறது, எழுத்துரு உருவத்தை வைத்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மென்பொருள் இருந்து சேர்த்து வைக்கிறது. ‘கொ’ என்பது படிக்கிறவருக்கு ஒரே எழுத்து. கோப்பில் இரண்டு குறி: ‘க’, அப்புறம் ஒகரக் குறி. தாளில் மூன்று உருவம்: கொம்பு, ‘க’, கால். கொம்பு கோப்பில் பின்னால் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் வருகிறது. பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டி அப்புறம் ‘க’ தட்டுவோம், அது ஈயம் கோத்த வரிசை. ‘கௌ’வும் ‘கெள’வும் உருவத்தில் ஒன்று, எழுத்தில் வேறு. இந்த ஒரு பாகுபாட்டைப் புரிந்துகொண்டால் தமிழ் எழுத்துரு வேலையின் பாதிக் குழப்பம் போய்விடும்.

வளைகோடு பற்றிய பின்னிணைப்பு எனக்குக் கடினமாக இருந்தது, ஆனால் உழைப்புக்குப் பலன் உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருவில் ஒரு வளைவுக்கு, அதை இழுத்து வடிவம் கொடுக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளி இரண்டு, ட்ரூடைப்பில் ஒன்று. ஒரு வட்டத்தை முதலாவதில் நாலு வளைவில் முடித்துவிடலாம், இரண்டாவதில் எட்டு வேண்டும். ‘ஐ’, ‘ஞ’, ‘ழ’ மாதிரி வளைவே உடலான எழுத்துகளை இரண்டுக்கும் இடையே மாற்றும்போது ஏன் மேடு விழுகிறது என்று அதைப் படித்த பிறகு தெரிந்தது. இப்போது ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் அடியிலும் இரு பக்கத்திலும் புள்ளி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.

குறைகள் உண்டு. தமிழுக்கு அதில் இடம் குறைவு. உகர வரிசை பற்றித் தேடினேன். கு, சு, டு, ணு என்று ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு விதமாக வால் போடுகிறது, 18 மெய்க்கும் குறிலும் நெடிலுமாக 36 உருவத்தைத் தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும். ‘ஜு’, ‘ஷு’வுக்கு மட்டும் குறி தனியாக நிற்கும். இதெல்லாம் அங்கே கிடையாது. 1978இல் அரசு சீர்திருத்தம் வருவதற்கு முன்பு இருந்த, தும்பிக்கை வைத்த ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’யையும், கால் ஒட்டிய ‘ணா’, ‘றா’, ‘னா’வையும் பழைய நூல் மறுபதிப்புக்காக எழுத்துருவுக்குள் மாற்று வடிவமாக எப்படி வைப்பது என்பதை, ஓப்பன்டைப் பற்றி அவர் பொதுவாகச் சொல்வதிலிருந்து நானே பொருத்திக்கொண்டேன். 2007க்குப் பிறகு வந்தவை, முக்கியமாக தடிப்பையும் அகலத்தையும் ஒரே கோப்பில் மாற்றிக்கொள்ளும்படி 2016இல் வந்த மாறும் எழுத்துருக்கள், அதில் இருக்க வாய்ப்பில்லை. மென்பொருள் பற்றிய அத்தியாயங்களைத் தாராளமாகத் தாண்டலாம், அந்தப் பதிப்புகள் இப்போது இல்லை. பழைய பிரதி குறைந்த விலைக்குக் கிடைத்தால் உடனே வாங்குங்கள். புதுப் பிரதிக்கு முழு விலை கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

கணினி அறிஞர் டொனால்ட் நூத்தின் ‘தி டெக்புக்’ வேறு வகை. 1977இல் தன் கணினி நூலின் மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து, எழுத்துக்கோப்பு இவ்வளவு மோசமாகிவிட்டதே என்று மனம் பொறுக்காமல், தானே டெக் என்ற எழுத்துக்கோப்பு மென்பொருளை எழுத உட்கார்ந்தவர் அவர். ஒரு புரூஃப் சரியில்லை என்பதற்காகத் தன் சொந்த வேலையை வருஷக்கணக்கில் தள்ளிவைத்தார் என்பதைக் கேட்டதும் அப்பா, “அவர் நம்ம ஆளு” என்றார். புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பும் வழக்கமும் 2008 வரை அவருக்கு இருந்தது. புரூஃப் பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு மரியாதை வேறு யார் கொடுத்திருக்கிறார்கள்?

480 பக்கத்துக்கு மேல், 27 அத்தியாயம், ஒவ்வொன்றிலும் பயிற்சிக் கேள்வி, பின்னால் விடை. கடினமான பத்திகளுக்கு ஓரத்தில் சாலை வளைவு எச்சரிக்கைப் பலகை போட்டிருக்கிறார், முதல் வாசிப்பில் அதைத் தாண்டிப் போகலாம். நான் மூன்றுமுறை படித்தது 12ஆம் அத்தியாயமும் 14ஆம் அத்தியாயமும். சொற்களுக்கு நடுவில் இருக்கும் இடத்தை நூத் பசை என்கிறார்: இயல்பான அளவு ஒன்று, எவ்வளவு நீளலாம், எவ்வளவு சுருங்கலாம் என்று இரண்டு. அப்பா, எழுத்துக் கோக்கக் கையில் பிடிக்கும் தட்டான ஸ்டிக்கில் ஒரு வரியைக் கோத்து முடித்ததும், மெல்லிய ஸ்பேஸை எடுத்துவிட்டுத் தடித்ததைச் செருகி இறுக்குவார், அதே கணக்கு. 14ஆம் அத்தியாயம் அதற்கு மேலே போகிறது. வரி வரியாக முடிக்காமல், முழுப் பத்தியையும் ஒன்றாகப் பார்த்து, எங்கெங்கே உடைத்தால் மொத்தத்தில் குறை குறையும் என்று பார்க்கிறது. அச்சுக்கோப்பவரால் அது முடியாது, ஈயத்தைக் கலைத்துக் கலைத்து அடுக்க நேரம் ஏது?

தமிழுக்கு வருவோம். நூத்தின் மூல டெக் யூனிகோடு அறியாது. யூனிகோடு அறிந்த டெக்காக 2004இல் வந்த ஸீடெக்கில்தான் தமிழை நேராகத் தட்டி, கணினியில் இருக்கும் எழுத்துருவில் அப்படியே எடுக்க முடிகிறது. 12 பக்கச் சிறுகதை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தமிழ்ச் சொல் நீளம், ஒரு வரியில் ஐந்தாறு சொல்தான் விழும், இடைவெளி குறைவு. அதனால் பசைக்கு வேலை அதிகம், சொல்லை உடைக்காவிட்டால் வரிகள் ஓட்டை ஓட்டையாக நிற்கும். தமிழுக்கான சொற்பிரிப்பு விதிகள் டெக் தொகுப்போடு வருகின்றன. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக்கூடாது என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ‘வந்தா’ என்று ஒரு வரி முடிந்து ‘ன்’ அடுத்த வரியில் தொங்கினால் கேஸை இழுத்து மூடிவிட்டு எழுந்து போய்விடுவாராம் அவர் ஆசிரியர். அதைச் சரிபார்த்து, ஹைஃபன் விழாமல் நிறுத்தி ஓட்டினேன். பேஜ்மேக்கரில் நான் ஒரு நாள் உட்கார்ந்து இழுத்துப் பிடித்துச் சரிசெய்திருக்கும் பக்கங்கள் தாமாகவே சீராக வந்தன.

கல்லூரிக் கணக்குத் துறைக்கு வினாத்தாள், பாடக்குறிப்பு போடுகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் கட்டாயம். கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் மட்டும் போடுகிறவர்களுக்குத் தேவையில்லை.

அதன் தங்கைப் புத்தகமான ‘தி மெட்டாஃபான்ட்புக்’ 1986இல் வந்தது. மெட்டாஃபான்ட் என்பது நூத்தின் எழுத்துரு செய்யும் மென்பொருள்: எழுத்தை வரைவதற்குப் பதிலாக, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எந்தத் திசையில், எந்தப் பேனாவில் போக வேண்டும் என்று கட்டளையாக எழுதுவது. நூத் தன் எழுத்துக் குடும்பத்தை, கோட்டின் தடிப்பு, உயரம் என்பது போன்ற 62 அளவுகளை வைத்துக் கட்டினார். ஒரு அளவை மாற்றினால் எல்லா எழுத்தும் சேர்ந்து மாறும். ஆசையாக ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றையும் எழுதிப் பார்த்தேன், வந்தன. ‘ஞ’வில் மாட்டிக்கொண்டேன். அது வெளிக்கோடாக இல்லாமல் புள்ளிப்படமாகவே எழுத்துருவைத் தருவதால் இன்றைய வேலைக்கு நேராகப் பயன்படாது. ஆனாலும் வளைவுகள், பேனாக்கள் என்ற 3, 4ஆம் அத்தியாயங்கள் அருமை. ‘தி ஸ்ட்ரோக்’ கையால் சொன்னதை இவர் கணக்கால் சொல்கிறார். யாரிடமாவது இரவல் கிடைத்தால் அந்த இரண்டை மட்டும் படியுங்கள்.

ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் எழுதிய ‘தி எலிமெண்ட்ஸ் ஆஃப் டைப்போகிராஃபிக் ஸ்டைல்’, 1992. கனடா நாட்டுக் கவிஞர், அழகாக எழுதுகிறார், புத்தகமே பார்க்க அழகு. ஆனால் அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு வரிக்கு 45இலிருந்து 75 எழுத்து, 66 உத்தமம் என்கிறார். நான் போட்ட டெம்மி அளவுப் புத்தகத்தில் 11 பாயிண்டில் ஒரு வரிக்கு 36இலிருந்து 40 எழுத்துதான் விழுகிறது, படிக்கச் சுகமாகவே இருக்கிறது. ரோமனில் இரண்டு மூன்று எழுத்தில் சொல்வதை நாம் மெய்யும் உயிரும் சேர்த்து ஒரே எழுத்தில் சொல்லிவிடுகிறோம், அந்த எழுத்து அகலமாகவும் இருக்கிறது. வரி இடைவெளியும் அப்படியே. மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘மூ’வின் வால். 11 பாயிண்டுக்கு 13 விட்டால் மேல்வரி வாலும் கீழ்வரிச் சுழியும் உரசும். நான் 15க்குக் குறைந்து விடுவதில்லை. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் தமிழில் அளந்து, ஓரத்தில் உங்கள் எண்ணை எழுதிக்கொண்டே படித்தால் இது நல்ல புத்தகம்.

கேரன் செங்கின் ‘டிசைனிங் டைப்’ ரோமன் எழுத்து ஒவ்வொன்றையும் பல எழுத்துருக்களில் ஒப்பிட்டுக் காட்டுகிறது. நமக்கு அதில் எடுத்துக்கொள்ள முறை மட்டும் உண்டு. நான் வாங்கியதில் மிகக் குறைவாகத் திறந்தது இதுதான். ஆனால் அதே முறையில் ‘ழ’வை ஆறு எழுத்துருவில் பெரிதாக அச்சடித்து வரிசையாக ஒட்டி வைத்தேன். அதில் ஒன்று நம் ஊர்ப் பெயர் கொண்ட ‘அரிமா மதுரை’. அதைச் செய்தவர்கள் போர்ச்சுகல்லைச் சேர்ந்த வடிவமைப்பாளர்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோதும் தமிழ் எழுத்துக்கு அச்சு வார்த்தது அந்த நாட்டிலிருந்து வந்த பாதிரிமார்களின் முயற்சியில்தான். இத்தனை வருஷம் கழித்தும் அங்கிருந்து ஒருவர் உட்கார்ந்து நம் ‘ழ’வின் சுழியை யோசித்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. இங்கே உட்கார்ந்து யோசிப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்ற ஆசையும் அப்போதே வந்தது.

போன மாதம் அந்தப் பழைய நன்கொடையாளர் பட்டியலையே என் எழுத்துருவில் 8 பாயிண்டில் போட்டு, அதே ரகத் தாளில், பத்தே பிரதி அடித்துப் பார்த்தேன். கண்ணனும் அண்ணாமலையும் தெளிவாக இருக்கிறார்கள். ‘ஞ’ இன்னும் கொஞ்சம் இறுக்கம், இடது சுழியைத் திறக்க வேண்டும். ‘ணூ’வும் ‘ழூ’வும் மீதி இருக்கின்றன.

புத்தகங்கள் எல்லாம் கடையில்தான் இருக்கின்றன. இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வந்து உட்கார்ந்து படிக்கலாம், மற்றவற்றை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டும் போகலாம். கவுண்டர்பஞ்சை மட்டும் வெளியே கொடுப்பதில்லை. அப்பா கடைசியாகப் பார்த்த புத்தகம் அது. எஃகுத் தண்டின் முனையில் பள்ளம் இறங்கும் படத்துக்குப் பக்கத்தில், பென்சிலால், கம்பாஸிட்டர் கைக்கே உரிய சீரான எழுத்தில் ‘வயிறு’ என்று எழுதி வைத்திருக்கிறார்.